9310 சீர் வந்ததா? குறள் கோப்பைப் பைத்தானில் படித்துப் பார்த்தது

குறளில் எதுகை தேடும் சின்ன நிரல் ஒன்று எழுதிவருகிறேன். இதுவரை பெரும்பாலும் கோப்பை ஒழுங்காகப் படிக்கும் வேலைதான்.

குறளில் ஒரு வசதி, விடை முன்பே தெரியும். 1330 குறள், ஒவ்வொன்றிலும் 2 அடி, 7 சீர். ஆக 2660 வரி, 9310 சீர். (பதம் பிரித்த பாடத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது.) இரண்டு எண்ணையும் சரிபார்க்கும் வரிகளைத்தான் முதலில் எழுதினேன். எத்தனை வரவேண்டும் என்று தெரியாமல் எந்தக் கோப்பையும் படிக்கத் தொடங்கக் கூடாது என்பேன்.

விண்டோஸில் குறிமுறை (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) சொல்லாமல், கோப்பைத் திறக்கும் பைத்தானின் ஓப்பன் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். மேற்கத்திய எழுத்துகளுக்கான பழைய 1252 குறிமுறையில் திறந்து, 19ஆவது பைட்டிலேயே நின்றது. கோப்பின் தலையில் இருந்த ஒரு குறிக்கு 3 பைட் (அதன் கதை பின்னால்), ‘அகர’வுக்கு 9, இடைவெளிக்கு 1, ‘ம’வுக்கு 3. அடுத்து வரும் உகரக் குறியின் மூன்றாவது பைட்டுக்கு 1252இல் எழுத்தே கிடையாது. புள்ளிக்கும் இதே கதி. இப்படி நிற்பது நல்லது. பிழையைப் புறக்கணிக்கச் சொல்லும் ‘இக்னோர்’ போட்டால், குப்பையை வாங்கிக்கொண்டு நிரல் அமைதியாக ஓடிவிடும். கோப்பின் உண்மையான குறிமுறையான யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொன்னதும் தமிழ் வந்தது.

9310ம் வந்தது. ஆனாலும் முதல் சொல் ‘அகர’வுக்குச் சமமில்லை என்றது நிரல்! திரையில் வேறுபாடே தெரியவில்லை. நீளம் கேட்டால் 3க்குப் பதில் 4. காரணம், கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத பாம் (BOM) குறி; யுடிஎஃப்-8 கோப்பு என்று அடையாளம் காட்டச் சில மென்பொருள்கள் சேர்ப்பது. ஓரத்து இடைவெளிகளை வெட்டும் ஸ்ட்ரிப் அதை நீக்காது. ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று திறந்தால் போய்விடும், குறி இல்லாத கோப்பும் அதில் சரியாகவே திறக்கும். அன்றிலிருந்து எண்ணிக்கையோடு முதல் சொல் ‘அகர’, கடைசிச் சொல் ‘பெறின்’ என்பதையும் சோதிக்கிறேன்.

சீர் பிரிக்கும்போது, வரியைச் சொற்களாக வெட்டும் ஸ்பிளிட்டுக்குள் இடைவெளியைக் கொடுத்தால், இரட்டை இடைவெளி உள்ள இடமெல்லாம் வெற்றுச் சொல் முளைக்கும். அடைப்புக்குறிக்குள் ஒன்றும் கொடுக்காமல் விடுவதே சரி. சி மொழியில் இதையே, கோப்பு முடிந்ததா என்று கேட்கும் ஃபெஆஃப் (feof) வைத்துச் சுற்றினால், வழக்கமாகக் கடைசி வரி இருமுறை வந்து 9313 ஆகும்.

எண்ணிக்கையில் சிக்காத இன்னொன்று ‘கொ’. ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்று, ஒப்பிட்டால் வேறு. எதுகைத் தேடலையே இது கெடுத்துவிடும் என்பதால், படித்த கையோடு எல்லா வரியையும், இரண்டு குறியை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றுகிறேன்.

ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ‘ள’ எழுத்தும் தட்டியிருந்தால் என்எஃப்சியும் அதைத் தீர்க்காது. ‘வெள்ளம்’ போன்ற சொற்களில் அந்த ‘ள’ நியாயமானது என்பதால் தானாக மாற்றவும் முடியாது. சந்தேகப்படும் வரிகளைத் தனிக் கோப்பில் எடுத்து, கண்ணால் பார்த்துத் திருத்திவருகிறேன்.