வக்கீல் முன்பணம்: கையெழுத்துப் போடும் முன்

விசாவில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தோடு மோதலாமா என்று நியூ ஜெர்சியில் நம்மவர்கள் பலர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். பயப்படாதீர்கள், ஐடிஇஏ என்கிற சிறப்புக் கல்விச் சட்டம் பிள்ளையின் விசாவைப் பார்ப்பதில்லை. ஆட்டிசம் உள்ள எங்கள் மகனுக்குப் பேச்சுப் பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறைத்து ஐஈபி, அதாவது பிள்ளைக்கென்று பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம், எழுதினார்கள், அப்போதுதான் வக்கீலைத் தேடினோம்.

எடுத்தவுடன் ரிடெய்னர் கேட்பார்கள். அது மொத்தக் கட்டணம் இல்லை, முன்பணம். வழக்கமாக வக்கீலின் டிரஸ்ட் அக்கவுண்டில், அதாவது கட்சிக்காரர் பணத்துக்கான தனிக் கணக்கில் இருக்கும், வேலை நடக்க நடக்க மணிக்கணக்குப் போட்டு அதிலிருந்து கழிப்பார்கள். பல இடங்களில் ஆறு நிமிடத்துக்கு ஒரு கணக்கு என்பதால் இரண்டு வரி மெயிலுக்கும் பில் வரும், கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக அனுப்புங்கள். பணம் தீர்ந்தால் மறுபடி கட்டணுமா, மிச்சம் திரும்ப வருமா, பாராலீகல் என்கிற வக்கீலின் உதவியாளருக்கு என்ன ரேட், எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஜெயித்தால் பள்ளி மாவட்டமே வக்கீல் செலவைத் தந்துவிடும் என்பார்கள். 1986இல் வந்த திருத்தத்தால் நீதிமன்றம் அப்படி உத்தரவிடலாம், சரி. ஆனால் வழக்கு தொடுக்கும் முன் ஐஈபி கூட்டத்துக்கு வக்கீலைக் கூட்டிப்போன செலவு அதில் வராது. நிபுணருக்குக் கொடுத்ததும் வராது என்று 2006இல் ஆர்லிங்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது, நிபுணர் சாட்சி இல்லாமல் எந்தப் பெற்றோர் வழக்கு நடத்த முடியும்? அதோடு, விசாரணைக்குப் பத்து நாளுக்கு மேல் இருக்கும்போது பள்ளி எழுத்தில் தரும் சமரசத்தைத் தக்க காரணமில்லாமல் மறுத்து, தீர்ப்பு அதைவிட நன்றாக வராமல் போனால், அந்தச் சமரசத்தைத் தந்த நாளுக்குப் பிந்தைய வக்கீல் செலவும் நம் தலையில்தான்.

நியூ ஜெர்சியில் ஒரு தெம்பு, 2008 முதல், தான் தரும் கல்வி சரியானது என்று நிரூபிக்கும் பொறுப்பு பள்ளி மாவட்டத்துடையது. மாநிலம் நடத்தும் மீடியேஷனுக்கு, அதாவது நடுவர் வைத்துப் பேசும் சமரசப் பேச்சுக்குக் காசில்லை. ஸ்பான் என்ற பெற்றோர் அமைப்பிலும் இலவசமாக வழி சொல்வார்கள், வக்கீலுக்கு முன் அங்கே பேசுங்கள். பள்ளியின் மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால் அவர்கள் செலவிலேயே வெளி மதிப்பீடு கேட்கலாம். கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்களே விசாரணைக்குப் போக வேண்டும்.

ஆனால் கெடு நாளைத் தவறவிடாதீர்கள். மாற்றம் பற்றிய நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் மீடியேஷனோ விசாரணையோ கேட்டால்தான் பழைய ஐஈபி அப்படியே நீடிக்கும். நாங்கள் முதலில் செய்த வேலை அதுதான், அதனால் பேச்சுவார்த்தை முடியும்வரை மகனின் பயிற்சி நிற்கவில்லை.