சன்ஸ்கிரீன் டேபிள்ல என்ன புரிஞ்சுது?

அமெரிக்க சயின்ஸ் மியூசியங்கள்ல நானோ பத்தி, அதாவது மீட்டர்ல நூறு கோடில ஒரு பங்கான நானோமீட்டர்ல அளக்கற பொடிப்பொடி விஷயங்களப் பத்தி, கையால செஞ்சு பாக்கற ஆக்டிவிட்டி இவ்ளோ பரவினதுக்கு முக்கிய காரணம் 2005ல ஆரம்பிச்ச நைஸ் (NISE) நெட்வொர்க்ங்கற மியூசியங்களோட கூட்டமைப்புதான், நானோடேஸ்னு வருஷா வருஷம் மியூசியங்களுக்கு கிட் அனுப்பினாங்க, தண்ணி ஒட்டாத துணி, காந்தத்துக்கு முள்ளு முள்ளா நிக்கற ஃபெரோஃப்ளூயிட் திரவம், சன்ஸ்கிரீன்னு. நான் வாலண்டியரா போற இடத்துல இப்ப எனக்குக் குடுத்த வேலை, அந்த சன்ஸ்கிரீன் டேபிள் பக்கத்துல நின்னு வர்றவங்களுக்கு என்ன புரியுதுன்னு பாத்து எழுதறது.

கறுப்புப் பேப்பர், ரெண்டு காட்டன் பட்ஸ், அவ்ளோதான். ஒரு பக்கம் ஜிங்க் ஆக்ஸைடு ஆயின்ட்மென்ட், குழந்தைக்கு டயப்பர் ராஷுக்குப் போடுவாங்களே அது. இன்னொரு பக்கம் நானோ ஜிங்க் ஆக்ஸைடு சன்ஸ்கிரீன், அதே ஜிங்க் ஆக்ஸைடுதான், துகள் ரொம்பப் பொடிசு. முதல்து வெள்ளையா அப்பிட்டு நிக்கும், ரெண்டாவது தேய்க்கத் தேய்க்க மறைஞ்சிடும். நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தோட அலைநீளம் சுமார் 400லேர்ந்து 700 நானோமீட்டர், துகள் 100க்குக் கீழ போயிட்டா அந்த வெளிச்சத்த அவ்வளவா சிதறடிக்காது, அதனால வெள்ளையாத் தெரியாது, ஆனா வெயில்ல வர்ற யூவி (புற ஊதாக்கதிர்)ய உறிஞ்சறத மட்டும் விடாது. எனக்கு இது இன்னமும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

ஃபார்ம்ல "பிடிச்சுதா?"ன்னு ஒரு கேள்வி, எல்லாரும் ஆமான்னு டிக் அடிச்சிட்டுப் போறாங்க. அந்தக் கேள்வியால ஒரு பிரயோஜனமும் இல்ல. "இது ஏன் மறைஞ்சுது?"ன்னு கேட்டாதான் விஷயம் வெளிய வருது. ஏழெட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி ரெண்டையும் விரலால தொட்டு, கட்டை விரலோட தேய்ச்சுப் பாத்துட்டு, "இது பிசுபிசுன்னு இருக்கு, அது தண்ணி மாதிரி இருக்கு, அதான்"னா. எவ்ளோ நல்லா கவனிச்சிருக்கா! அவ சொன்னத தப்புன்னு எப்படிச் சொல்றது, ரெண்டுலயும் சேத்திருக்கற எண்ணெய், மெழுகு எல்லாமே வேறதானே, துகள் சைஸ்தான் காரணம்னு நாம வாயால சொல்றோமே தவிர அந்தப் பேப்பர்ல அது தனியாத் தெரியல.

அதனால ரிப்போர்ட்ல, ஒரே எண்ணெயில பெரிய துகள் ஒண்ணு, நானோ துகள் ஒண்ணுன்னு முன்னாடியே கலந்து வெச்ச ரெண்டு சாம்பிள் வேணும்னு எழுதியிருக்கேன். பொடியாத் திறந்து வெக்கக்கூடாது, மூச்சுல போயிடும்.

இன்னொண்ணு, அம்மா அப்பா கேக்கறது வேற கேள்வி, "இது தோலுக்குள்ள போயிடுமா?" காயமில்லாத தோல்ல பெரும்பாலும் மேல் அடுக்கோட நின்னுடுதுன்னுதான் ஆய்வுகள் சொல்லுது, 2019ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வும் ஜிங்க் ஆக்ஸைட பாதுகாப்பான லிஸ்ட்ல வெக்கலாம்னு முன்மொழிஞ்சுது, ஸ்ப்ரேன்னா மூச்சுல போற கவலை தனி. இவ்வளவையும் டேபிள்ல நிக்கறவங்க கையில ஒரு கார்டாக் குடுத்தே ஆகணும், "பயப்படாதீங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பறது எனக்கு சரியாப் படல.