நகராத கேமரா

பேய்ப்பட ரசிகர்கள் கூடிப் பேசும் இடத்தில் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படங்களைப் பற்றிய பேச்சு எழுந்தால், 'கேமரா ஆடிக்கொண்டே இருக்கும், தலை சுற்றும்' என்று யாராவது ஒருவர் முகம் சுளிப்பார். யாரோ படம்பிடித்துவிட்டுக் காணாமல் போனார்கள் அல்லது இறந்துபோனார்கள், அவர்கள் விட்டுச்சென்ற பதிவுதான் இது என்ற பாவனையில் எடுக்கப்படும் இந்தப் படங்களுக்கு ஆடும் கேமராவே அடையாளமாகிவிட்டது. என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. இந்த வகையில் என்னை உண்மையாகவே நடுங்க வைத்த காட்சிகள் எல்லாமே, கேமரா ஓர் இடத்தில் நிறுத்தப்பட்டு, அதன்பின் யாராலும் தொடப்படாமல் இருந்த காட்சிகள். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பேய்வீட்டுப் படங்களின் பலம் முழுவதும் அந்த அசைவின்மையில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' முதல் படத்தை அண்மையில் மூன்றாவது முறையாகப் பார்த்தபோது அந்த நம்பிக்கை இன்னும் வலுத்தது.

அந்தப் படத்தை எடுத்த ஓரன் பெலி இஸ்ரேலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்; வீடியோ கேம் துறையில் நிரல் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தவர். அதற்கு முன் அவர் ஒரு படம்கூட இயக்கியதில்லை. பேய்களைக் கண்டால் சிறுவயதிலிருந்தே அவருக்குப் பயம். பேய்களைக் கேலி செய்யும் நகைச்சுவைப் படத்தைக்கூட அவரால் பார்க்க முடியவில்லையாம். அப்படிப்பட்டவர் அடுக்ககத்திலிருந்து சான் டியேகோ நகரின் புறப்பகுதியில் உள்ள தனிவீட்டுக்குக் குடிபோனபோது, இரவுகளில் வீடு எழுப்பும் ஒலிகள் அவரைத் தூங்க விடவில்லை. மரச்சட்டங்களால் கட்டப்படும் அமெரிக்க வீடுகள் பகல் வெப்பத்தில் விரிந்து, இரவுக் குளிரில் சுருங்கி, அந்தச் சுருக்கத்தில் முனகும். காரணம் தெரிந்தவனுக்கும் நள்ளிரவில் அந்த முனகல் வேறு மாதிரிதான் கேட்கும். தூங்கும்போது அறையில் ஒரு கேமராவை ஓடவிட்டால் காலையில் அதில் என்ன பதிவாகியிருக்கும் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். படம் முழுவதும் அந்த ஒரு கேள்விதான்.

ஏறத்தாழ ஓர் ஆண்டு காலம் அவர் அந்த வீட்டைப் படப்பிடிப்புக்காகச் செப்பனிட்டார்; வண்ணம் பூசினார், தரைவிரிப்பு போட்டார், அறைக்கலன்கள் வாங்கினார். பிறகு 2006-ஆம் ஆண்டில் ஒரே வாரத்தில் படத்தை எடுத்து முடித்தார். மொத்தச் செலவு ஏறத்தாழ 15,000 டாலர். கேட்டி ஃபெதர்ஸ்டன், மைக்கா ஸ்லோட் என்ற அறிமுகமற்ற இரு நடிகர்கள், அந்த வீட்டில் ஒன்றாக வாழும் காதலர்களாகத் தங்கள் சொந்தப் பெயர்களிலேயே நடித்தார்கள். முதலில் அவர்களுக்குத் தரப்பட்டது ஆளுக்கு 500 டாலர். எழுதப்பட்ட வசனம் கிடையாது. காட்சியின் சாரத்தை மட்டும் சொல்லிப் பேசவிட்டார். நடிகர் தேர்வின்போதே, 'உங்கள் வீட்டில் பேய் இருப்பதாக ஏன் நினைக்கிறீர்கள்?' என்று எடுத்த எடுப்பில் கேட்டு, யார் தயங்காமல் அந்தப் பொய்க்குள் நுழைகிறார்கள் என்று பார்த்தவர் அவர். அந்தத் தேர்வின் பலனைப் படத்தின் பகல் காட்சிகளில் காணலாம். இருவரும் சலித்துக்கொள்வதும், சீண்டிக்கொள்வதும், பாதி வாக்கியத்தில் பேச்சை மாற்றுவதும் பல நாள் ஒன்றாக வாழ்ந்தவர்களின் பேச்சாகவே இருக்கின்றன.

ஒளிப்பதிவாளருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை என்பதால்தான் இரவுக் காட்சிகளில் கேமரா ட்ரைபாடில் நின்றது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். பணம் இருந்திருந்தால் அவர் அதை அசைத்திருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். அசைத்திருந்தால் படமே இல்லை.

அந்தப் படுக்கையறைச் சட்டகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வலப்பக்கம் கட்டில், அதில் இருவர் தூங்குகிறார்கள். இடப்பக்கம் திறந்த கதவு. அதற்கு அப்பால் நடைவழியின் இருட்டு. கீழ் மூலையில் நேரத்தைக் காட்டும் எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீலம் பாய்ந்த மங்கல் ஒளியைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. ஒன்றும் நடக்காத நேரத்தில் அந்த எண்கள் வேகமாக ஓடும். தூங்குபவர்கள் புரண்டு படுப்பது துடிப்புகளாகத் தெரியும். திடீரென்று எண்கள் இயல்பான வேகத்துக்குத் திரும்பும். இனி ஏதோ நடக்கப்போகிறது என்பதற்கு அது ஒன்றே அறிவிப்பு. எங்கே நடக்கும் என்று படம் சொல்வதில்லை. கதவிலா, நடைவழியிலா, போர்வையிலா, சுவரில் விழும் நிழலிலா என்று கண் அலைகிறது. வழக்கமான திரைப்படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இயக்குநர் முடிவுசெய்துவிடுவார். அண்மைக் காட்சி வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். இங்கே அந்த உதவி இல்லை. முதல் சில இரவுகளில் நடப்பது என்னவென்று பார்த்தால், கதவு சில அங்குலம் தானாக நகர்ந்து, பிறகு பழைய இடத்துக்கே திரும்புகிறது. அவ்வளவுதான். அந்தச் சில அங்குல அசைவைக் கண்டபோது என் பிடரியில் உண்டான சில்லிப்பை, கோடிக்கணக்கில் செலவழித்து உருவாக்கப்பட்ட எந்தக் கணினிப் பேயும் எனக்குத் தந்ததில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. பயந்தவனைத் தேற்றுவதற்காகச் சொல்லப்படும் அந்த வாக்கைப் பெலி ஒரு படமாக்கும் முறையாகவே ஆக்கிக்கொண்டார். முதலில் நம்மை அரண்டவர்களாக்கிவிட்டு, பிறகு இருட்டை மட்டும் காட்டுகிறார்.

இரவுக் காட்சிகளில் எனக்கு மிகவும் அச்சமூட்டியது, கேட்டி படுக்கையை விட்டு எழுந்து கட்டிலருகே நின்று, தூங்கும் மைக்காவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் காட்சி. அவள் எதுவும் செய்வதில்லை. நிற்கிறாள். எண்கள் வேகமெடுத்து மணிக்கணக்கில் ஓடுகின்றன, அவன் புரள்கிறான், அவள் உடல் இலேசாக முன்னும் பின்னும் அசைகிறதே தவிர இடம் பெயர்வதில்லை. இந்தக் காட்சிக்கு ஆன செலவு ஒன்றுமே இல்லை. ஒரு நடிகை நின்றாள், ஒருவர் அந்தப் பதிவை வேகப்படுத்தினார். ஆனால் நாம் தூங்கும் நேரத்தில் நம் அருகில் என்ன நடக்கிறது என்பதை நாம் ஒருபோதும் அறிய முடியாது என்ற மிகப் பழைய அச்சத்தை, வேறு எந்தப் படமும் இவ்வளவு நேரடியாகத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னணி இசை இந்த வகைப் படங்களுக்கு விலக்கப்பட்ட பொருள். கண்டெடுத்த பதிவில் வயலின் ஒலித்தால் பாவனை கலைந்துவிடும். பெலி அதற்கு ஈடாக, ஏதேனும் நடப்பதற்குச் சற்று முன் ஒரு தாழ்ந்த உறுமலை மெல்ல எழவிடுகிறார். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அந்த உறுமல் தொடங்கியதுமே உடல் இறுகிவிடுகிறது. மற்ற நேரமெல்லாம் வெறும் அறையின் ஓசைதான். நான் முதல்முறை இதைப் பார்த்தது வாடகை வீட்டின் கூடத்தில், மடிக்கணினியில், மற்றவர்கள் தூங்கிய பிறகு. படத்தில் அமைதி நிலவியபோதெல்லாம் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி நின்று மீண்டும் ஓடத் தொடங்கும் ஒலியும், மாடிப்படிக் கதவின் தாழ்ப்பாள் காற்றில் தட்டும் ஒலியும் காதில் விழுந்தன. படத்தின் ஒலி எது, வீட்டின் ஒலி எது என்று பிரித்தறிய இரண்டு முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

வீட்டின் ஒலியிலிருந்து பேயைப் பிறப்பிக்கும் இந்த உத்திக்குப் பெலிக்கு முன்னோர்கள் உண்டு. 1992-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று இரவு, பிபிசி தொலைக்காட்சி 'கோஸ்ட்வாட்ச்' என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஸ்டீபன் வோக் எழுதி லெஸ்லி மேனிங் இயக்கிய அது முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்ட நாடகம். ஆனால் லண்டனின் மேற்கே நார்த்தோல்ட் பகுதியில் ஒரு சாதாரண வீட்டிலிருந்து வரும் நேரடி ஒளிபரப்பைப் போலவே வடிவமைக்கப்பட்டிருந்தது. பிரிட்டனின் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த தொகுப்பாளரான மைக்கேல் பார்க்கின்சன் அரங்கில் அமர்ந்திருந்தார். மற்றொரு தொகுப்பாளரான சாரா கிரீன் அந்த வீட்டுக்குள் இருந்தார். இருவரும் வேறு பாத்திரமாக அல்லாமல், தங்கள் சொந்த அடையாளத்திலேயே தோன்றினார்கள். எழுதியவரின் பெயர் தொடக்கத்திலேயே காட்டப்பட்டும் ஏராளமானோர் அதை உண்மை என்று நம்பினார்கள், புகார்கள் குவிந்தன, பிபிசி அதை இன்றுவரை மறு ஒளிபரப்புச் செய்யவில்லை. அந்த வீட்டுப் பேயின் பெயர் 'பைப்ஸ்'. இரவில் தட்டும் ஒலி கேட்டுப் பயந்த பிள்ளைகளிடம், அது தண்ணீர்க் குழாயின் சத்தம்தான் என்று தாய் சொல்லிச் சமாளித்திருக்கிறாள். அந்தச் சமாதானமே பேயின் பெயராகிவிடுகிறது. எவ்வளவு எளிய, எவ்வளவு கொடூரமான கற்பனை! அதிலும், குழந்தைகளின் படுக்கையறைத் திரைச்சீலை அருகே ஓர் உருவம் கணநேரம் தெரிந்ததாக நேயர் ஒருவர் தொலைபேசியில் சொல்ல, அரங்கில் அதே பதிவை மீண்டும் ஓட்டிப் பார்க்கும் இடம் உண்டு. நாம் பார்த்தது அங்கே இருந்ததா இல்லையா என்ற ஐயத்தை நம் கண்ணிடமே எழுப்பும் அந்தச் சில நொடிகள், பின்னால் வந்த இந்த வகைப் படங்கள் பலவற்றுக்கும் பாடம்.

ஆடும் கேமராவின் பெருமையை நான் மறுக்கவில்லை. 1999-இல் வெளிவந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' எட்டு நாட்களில் மேரிலாண்ட் காடுகளில் நடிகர்களே படம்பிடித்தது. அதன் இறுதி நிமிடங்கள் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் ஓட்டமும் அலறலுமாகப் போகின்றன. ஆனால் அங்கும் நம் நினைவில் தங்குவது எது? நிலவறையின் மூலையில், சுவரைப் பார்த்தபடி, அசையாமல் நிற்கும் ஒருவனின் முதுகு.

'ஏன் இவர்கள் கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஓடவில்லை?' என்ற கேள்வி இந்த வகைப் படங்களைக் கொல்லும் கேள்வி. கையில் கேமராவோடு ஓடுபவனைப் பார்க்கும்போது அது எழாமல் இருக்காது. ட்ரைபாடில் நிற்கும் கேமராவுக்கு அந்தக் கேள்வியே இல்லை. தூங்கப் போகும் முன் ஓடவிட்டார்கள், அது ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் மைக்கா கேமராவை விடாமல் பிடித்திருப்பதற்கும் அவனுடைய பிடிவாதம் என்ற காரணத்தைக் கதையே தந்துவிடுகிறது. கேட்டி கெஞ்சியும் அவன் கேட்பதில்லை. அந்தப் பிடிவாதம்தான் வீட்டில் இருப்பதைத் தூண்டிவிடுகிறது. கேமரா கதைக்குள்ளேயே ஒரு குற்றவாளியாகிவிடுகிறது.

பிற்கால முயற்சிகளில், ஸ்டீபன் கொக்னெட்டி இயக்கி 2015-இல் வந்த 'ஹெல் ஹவுஸ் எல்.எல்.சி' எனக்கு மிகவும் பிடித்தது. ஹாலோவீன் பருவத்தில் காசு வாங்கிக்கொண்டு மக்களைப் பயமுறுத்தும் பேய்வீடுகளை அமைப்பது அமெரிக்காவில் ஒரு தொழில். அத்தொழிலில் உள்ள நண்பர்கள் சிலர், கைவிடப்பட்ட ஒரு விடுதியை அதற்காக எடுக்கிறார்கள். படம் எடுக்கப்பட்டதும் பென்சில்வேனியா மாநிலம் லீஹைட்டனில் உண்மையிலேயே அத்தகைய பேய்வீடாக நடத்தப்பட்டுவந்த ஒரு பழைய விடுதியில்தான். ஆகவே அரங்க அமைப்புக்குத் தனிச்செலவு இல்லை. பயமுறுத்தும் பொம்மைகள் சுவரோரம் நிற்பதும் கதைப்படி இயல்பானது. அதில் ஒரு கோமாளிப் பொம்மை உண்டு. அது நடப்பதை நாம் ஒருமுறைகூடக் காண்பதில்லை. கேமரா அதைவிட்டுத் திரும்பி, மீண்டும் அதன் பக்கம் வரும்போது அதன் தலை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. படத்தின் இறுதிப்பகுதி ஓட்டமும் கூச்சலுமாகி என்னைச் சற்றுச் சோர்வடையச் செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் படிக்கட்டின் அடியில் நிற்கும் அந்தக் கோமாளிக்காக நான் அதை மன்னித்துவிட்டேன்.

'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யின் தொடர்படங்களில் பெரும்பாலானவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவது மட்டும் விலக்கு. ஹென்றி ஜூஸ்ட், ஏரியல் ஷுல்மன் இருவரும் இயக்கி 2011-இல் வந்த அதன் செலவு முதல் படத்தைவிடப் பல மடங்கு; என்றாலும் அதன் மிகச் சிறந்த உத்தி ஓர் ஏழையின் மூளையில் உதிக்க வேண்டியது. 1988-இல் நடக்கும் கதையில், திருமணங்களுக்கு வீடியோ எடுத்துப் பிழைக்கும் ஒருவன், மேசை மின்விசிறியின் தலையைக் கழற்றிவிட்டு அந்தச் சுழலும் அடிப்பாகத்தில் கேமராவைப் பொருத்துகிறான். கேமரா மெதுவாகச் சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போகிறது, திரும்பி வருகிறது, மீண்டும் போகிறது. எதற்காகவும் அது நிற்பதில்லை; எதற்காகவும் விரைவதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். கேமரா போய்த் திரும்பும்போது அவளுக்குப் பின்னால் வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உருவம் நிற்கிறது, சிறுபிள்ளைகள் பேய் விளையாட்டு ஆடுவதைப்போல. கேமரா அதன் போக்கில் கூடத்துக்குத் திரும்பிவிடுகிறது. அங்கே ஒன்றுமில்லை, ஆனாலும் அந்த வெறும் கூடத்தைப் பார்த்தபடி, விசிறி எப்போது திரும்பும் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.

முதல் படத்தின் பயணம் பலரும் அறிந்ததே. 2007 அக்டோபரில் ஸ்க்ரீம்ஃபெஸ்ட் விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ட்ரீம்வொர்க்ஸ் என்ற படநிறுவனம் அதை வாங்கி, பெரிய நடிகர்களைக் கொண்டு புதிதாக எடுக்க நினைத்தது. சோதனைத் திரையிடலில் பார்வையாளர்கள் எழுந்து வெளியேறியபோது படம் பிடிக்கவில்லை போலும் என்று எண்ணியவர்கள், பயம் தாங்காமல்தான் போகிறார்கள் என்று பிறகு அறிந்தார்கள். 2009 இறுதியில் பாராமவுண்ட் வழியாக வெளியாகி, உலகெங்கும் 19 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. இந்தப் பயணத்தில் ஒன்று மட்டும் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது, முடிவை மாற்றிவிட்டார்கள். படத்தைப் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

திரையரங்குகளில் வந்த முடிவு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தந்த யோசனையின்படி எடுக்கப்பட்டது. அதில் மைக்காவின் உடல் கேமராவின் மீது வீசி எறியப்படுகிறது; கேட்டியின் முகம் நம்மை நோக்கி வந்து கோரமாகச் சிதைகிறது. அரங்கில் எல்லோரும் அலறியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. பெலி முதலில் எடுத்த முடிவில் கேமராவை யாரும் தொடுவதில்லை, அதன் மீது எதுவும் வந்து விழுவதில்லை. கீழ்த்தளத்தில் அலறல் கேட்கிறது, மைக்கா ஓடுகிறான், பிறகு அமைதி. கேட்டி மட்டும் கத்தியோடு மேலே வந்து, கட்டிலின் ஓரத்தில் தரையில் அமர்ந்து, முன்னும் பின்னுமாக ஆடத் தொடங்குகிறாள். எண்கள் ஓடுகின்றன. இருட்டு விலகிப் பகல் வருகிறது, தொலைபேசி ஒலிக்கிறது, யாரும் எடுப்பதில்லை, மீண்டும் இருட்டுகிறது, அவள் ஆடிக்கொண்டே இருக்கிறாள். தேடி வந்த தோழியின் அலறல் கீழிருந்து கேட்கிறது. பிறகு காவலர்களின் கைவிளக்குகள் நடைவழியில் தெரிகின்றன. அவர்களைக் கண்டதும் விழித்தவளைப்போல, எதுவும் நினைவில்லாதவளாய், மைக்காவின் பெயரைச் சொல்லிக்கொண்டே கையில் கத்தியோடு எழுந்து வருகிறாள். பின்னால் ஒரு கதவு தானாக அறைந்து சாத்திக்கொள்கிறது. திடுக்கிட்ட காவலர்கள் சுட்டுவிடுகிறார்கள். ட்ரைபாடில் இருக்கும் கேமரா அதையும் பதிவு செய்துகொண்டிருக்கிறது.