ஆட்காட்டி கத்திய மணல்திட்டு

மட்டக்களப்பு வாவியின் நீர் ஆனி மாதத்து வெயிலில் வற்றத் தொடங்கும்போது, மாரி முழுவதும் மூழ்கிக் கிடந்த மணல்திட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியவருகின்றன. பங்குடாவெளி தொடக்கம் கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் அந்த வாவியில், ஒரு திட்டில் இறங்கிப் பகலுணவு உண்பதென்று முடிவுசெய்து, நாங்கள் நால்வர் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து தோணியில் புறப்பட்டோம்.

கண்டல் மரங்களின் ஓரத்தில் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்த ஒருவருக்குச் சில முழத் தூரத்திலேயே வெள்ளைக் கொக்கொன்று அச்சமின்றி நின்றது. படம் எடுப்பதற்காகத் தோணியை அதை நோக்கி விடும்படி கேட்டேன். தோணிக்கார அண்ணன் தலையசைத்து மறுத்தார். "நேரே விட்டா எழும்பிரும் தம்பி. கொஞ்சம் கிறுகிப் போவம், மறுகா அது தன்ட பாட்டுல நிக்கும்." நான் விடாமல் கேட்டதால் நேரே விட்டார், பாதித் தூரம் போவதற்குள் கொக்கு பறந்துவிட்டது. வலைக்காரர் நாள்தோறும் ஒரே விதமாக நடமாடுபவர். நாங்களோ அதன் மீதே கண்ணை வைத்து நெருங்கியவர்கள்.

மனிதர் நெருங்கும்போது பறவை எந்த இடைவெளியில் எழும்புகிறது என்பதை ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். பொதுவாக, உருவில் பெரிய பறவைகள் சிறியவற்றைவிடத் தொலைவிலேயே எழும்பிவிடுகின்றன. ஆனால் எழும்புவதற்கு முன்பே அது கழுத்தை நீட்டி, இரை தேடுவதை நிறுத்தி, நம்மையே பார்த்து நிற்கத் தொடங்கியிருக்கும். பறக்காத பறவைக்கு நம்மால் தொந்தரவே இல்லை என்று நான் பல ஆண்டுகளாக எண்ணியிருந்தது பெரும் தவறு.

திட்டில் பாய் விரித்த கணத்திலிருந்தே ஓர் ஆட்காட்டி தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தியது. ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதாலேயே அதற்கு அந்தப் பெயர். அது வழக்கமான கத்தல்தான் என்று எண்ணி, ஏறத்தாழ அரைமணி நேரம் சோற்றுப் பொதிகளோடும் பாட்டுப் பெட்டியோடும் அங்கேயே இருந்தோம். கை கழுவ எழுந்தபோதுதான், என் செருப்பிலிருந்து இரண்டடி தள்ளி, மணலில் கிண்ணம் போன்ற ஒரு சிறு பள்ளம் கண்ணில் பட்டது. அதைச் சுற்றிச் சிறு கற்கள் கிடந்தன. உள்ளே களிமண் நிறத்தில் கரும்புள்ளிகள் கொண்ட நான்கு முட்டைகள், கூர்முனைகள் நடுவில் கூடும்படி இருந்தன. வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்கு மணல் சுட்டது. அந்த நேரத்தில் தாய் அடைகாப்பது சூடேற்றுவதற்காக அன்று, முட்டை வெந்துவிடாமல் நிழல் கொடுப்பதற்காக. அந்த நிழலைத்தான் அரைமணி நேரம் நாங்கள் பறித்து வைத்திருந்தோம். அருகிலிருந்த கண்டல் கிளையில் ஒரு காகமும் உட்கார்ந்திருந்தது.

ஒன்றும் பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு தோணியில் ஏறினோம். இந்த மாதங்களில் ஆட்காட்டி மட்டுமன்றி, உப்புக்கொத்தியும் ஆலாவும்கூட வெறுந்தரையிலேயே முட்டையிடுகின்றன. எனவே மணல்திட்டுகளில் இறங்குவதை அக்காலத்தில் முற்றாகத் தவிர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வாவியைப் பார்ப்பதற்குத் தோணியே போதும். நாயைக் கூட்டிச் செல்வதும் ட்ரோன் பறக்கவிடுவதும் அதைவிடக் கொடியவை.

நூற்றைம்பது மீற்றர் அப்பால் கண்டல் நிழலில் தோணியைக் கட்டி, தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தோம். பறவை நேரே முட்டையிடம் போகவில்லை. தள்ளி இறங்கி, நான்கடி நடந்து, நின்று, இரை கொத்துவதுபோல் குனிந்து, மீண்டும் நடந்தது. பின்னர் நீரோரத்துக்குப் போய், வயிற்றுச் சிறகுகளை நன்றாக நனைத்துக்கொண்டு விரைந்து திரும்பியது. நாங்கள் விலகியதிலிருந்து பதினேழாவது நிமிடத்தில், ஈரம் சொட்டச் சொட்ட, அந்த நான்கு முட்டைகள் மீதும் மெல்ல அமர்ந்தது.