நெடுந்தீவைச் சுமக்கும் கல்யாணக் கேக்

ஜூலை 13

ஆகஸ்ட் கடைசியில் யாழ்ப்பாணத்தில் நடக்கவிருக்கும் தன் திருமணத்துக்கு, பிறந்த ஊரான நெடுந்தீவையே கேக்காகச் செய்து தரும்படி தோழி கேட்டிருக்கிறாள். எங்கள் வழக்கத்தில் மண்டபத்தில் உயர்ந்து நிற்கும் அடுக்குகள் பெரும்பாலும் ஐசிங் பூசிய ரெஜிபோம் என்ற வெண்ணுரைப் பலகைதான். மணமக்கள் வெட்டுவதற்கு ஒரு தட்டு மட்டும் உண்மையான கேக்காக இருக்கும். விருந்தினருக்குப் போவது சிறு பெட்டியில் வைத்த ரிச் கேக் துண்டு. கண்ணுக்கான கேக்கில் காட்டும் அக்கறையைப் பலரும் வாய்க்கான கேக்கில் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. ஆகவே வரைபடம் எதையும் கீறுமுன், பிளம்ஸ், சுல்தானா, செரி, சீனிப்பாகில் பதமிட்ட பூசணித் தோசி, இஞ்சித் தோசி எல்லாவற்றையும் பொடியாக அரிந்து, பிராண்டி ஊற்றிப் போத்தல்களில் மூடி வைத்தேன்.

ஜூலை 27

அரைக் கிலோ ரவையை இளஞ்சூட்டில் வறுத்து, அரைக் கிலோ பட்டரில் பிசைந்து நேற்றிரவே ஊறவிட்டிருந்தேன். 25 முட்டை மஞ்சட்கருவைச் சீனியுடன் வெளிறும்வரை அடித்து, அதில் ரவையையும், அரிந்த கஜுவையும் (முந்திரிப் பருப்பு), ஊறிய பழங்களையும் சேர்த்து, தேன், பன்னீர் எசென்ஸ், ஏலம், கறுவா, சாதிக்காய் இட்டு, நுரைக்க அடித்த வெள்ளைக்கருவைக் கடைசியில் மெல்லக் கலந்தேன். தட்டின் அடியிலும் ஓரங்களிலும் பத்திரிகைத் தாளைப் பல மடிப்பாக வைத்து, அதன்மேல் எண்ணெய்த்தாள் விரிக்க வேண்டும். இல்லாவிட்டால், 150 பாகையில் இரண்டரை மணி நேரம் வேகும் கேக்கின் நடுப்பகுதி பதமாகுமுன் ஓரம் கருகிவிடும். இனி இது வாரக்கணக்கில் கிடந்து ஊற வேண்டும்.

ஆகஸ்ட் 9

நெடுந்தீவு என்றதும் எல்லோரும் குதிரையைத்தான் சொல்வார்கள். எனக்கோ அந்தத் தீவு என்றால் வேலிகள்தான்: சாந்து பூசாமல், பவளக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய இடுப்பளவு மதில்கள். ஐசிங் சீனி, வெள்ளைக்கரு, இறுக்கம் தரும் சிஎம்சி தூள் சேர்த்துப் பிசைந்த கம் பேஸ்ட்டைச் சிறு கட்டிகளாகக் கிள்ளி, ஒவ்வொன்றிலும் காய்ந்த ஸ்பொஞ்சை அழுத்தினால் பவளத்தின் துளைகள் விழுகின்றன. உலர்ந்தபின், கொக்கோத் தூளில் தொட்ட தூரிகையை மேலாகத் தடவும்போது மேடுகள் மட்டும் பழுப்பேறுகின்றன, துளைகள் வெளிறியே நிற்கின்றன. எல்லாக் கற்களையும் ஒரே அளவில் செய்தால் அது சீமெந்துக் கல் மதிலாகிவிடும். பெரியதும் சிறியதும் கோணலுமாகக் கலந்தால்தான் நெடுந்தீவு. சோளகக் காற்று அடிப்பதால் பேஸ்ட் விரைவில் காய்கிறது. பிசைந்ததை ஈரத்துணியால் மூடியே வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11

தோழியின் அம்மா வந்து மதிலைச் சுற்றிப் பார்த்தார். “வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா குதிரை இல்லாமல் நெடுந்தீவோ?” என்றார். மறுக்க முடியவில்லை. அங்கே காட்டில் திரியும் குதிரைகள் ஒல்லாந்தர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படுபவை, உயரம் குறைந்தவை. பந்தயக் குதிரைபோல நீண்ட கால் வைத்தால் பொய்யாகிவிடும். கால்களுக்குள் கம்பி தேவைப்படுவதால் அவை ரெஜிபோம் தட்டில்தான் நிற்கும், வெட்டும் தட்டில் ஒன்றும் வராது. உச்சியில் அந்தத் தீவின் பெருக்கமரம் (பாவோபாப்). அதன் பருத்த அடிமரத்தைக் கஜுவை அரைத்துச் சீனி சேர்த்துப் பிசைந்த மாசிப்பானில் செய்து, உள்ளே பொந்தும் விட்டேன்.

ஆகஸ்ட் 22

மேலே மாசிப்பான் பரப்பிய ரிச் கேக்கை இரண்டு அங்குல நீளத் துண்டுகளாக வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கினோம். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்காவிட்டால் மாசிப்பானில் பழக்கறை இழுபடும். மணப்பெண்ணே உட்கார்ந்து ரிபன் கட்டினாள்.

ஆகஸ்ட் 24

தட்டுகளைத் தனித்தனியே கொண்டுபோய் மண்டபத்தில்தான் அடுக்கினேன். மதில் பொருத்துகளை ரோயல் ஐசிங்கால் மூடிய பிறகு கேக்குக்கு நேரே இருந்த மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். படம் எடுக்க வந்தவர்கள் குதிரைகளுக்கே கமராவைத் திருப்பினார்கள், மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் பெட்டியைத் திறந்து ஒரு துண்டை மென்றபடி வந்து, “பிள்ளை, இந்தப் பூசணித் தோசி எங்கே வாங்கினீர்?” என்று கேட்டார். கடைக்கு வழி சொன்னேன். பிள்ளைகள் குதிரைகளைக் கேட்டு அழுதார்கள். கம்பி இருப்பதால் அவற்றைக் கொடுக்காமல், பெருக்கமரத்தை வெட்டிக் கொடுத்தேன்.