கேள்விக்குறி போட்ட நோட்டு

விலங்கியல் சார் ஐப்பசியில் காலமானார். நம் பழைய மாணவர் சங்கக் குழுவில் செய்தி வந்த அன்றே ஒருவர் கேட்டிருந்தார்: "தைக்கு நம்ம குளத்துல பறவைய யாரு எண்ணுவா?" நம் குளம் எது, சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு மடையருகே ஏன் வரிசை என்பதெல்லாம் இந்தச் சங்க மலர் படிப்பவர்களுக்குத் தெரியும். நீர்ப்பறவைகளை எண்ண சார் சொல்லித்தந்த முறையை மட்டும் மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன்.

நிற்க வேண்டிய இடம் கரைதான். நம் தாமிரபரணிப் பக்கத்துக் குளங்களுக்குப் பெரும்பாலும் கரை கிழக்கே; தண்ணீர் வந்து சேரும் ஆழமில்லாத பக்கமான உள்வாய் மேற்கே. காலையில் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும். அலகும் காலும் நிறத்தோடு துலங்கும். சாயங்காலம் அங்கேயே நின்றால் எதிர்வெயிலில் நாமக்கோழியும் வாத்தும் ஒரே கறுப்பு. ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பிவிடும்.

குளம் நிறைந்து மறுகால் பாயும்போது, சேற்றில் இரை தேடும் உள்ளானைத் தேடுவது வீண். பிசான நெல்லுக்கு மடை திறந்து, தண்ணீர் வடிய வடியத்தான் உள்வாயில் சேறு விரியும். கருவால் மூக்கன், பச்சைக்காலி, கொசு உள்ளான் எல்லாம் அங்கேதான் இறங்கும்.

எண்ணும்போது முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்து அடைக்கிற இடத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துப்போக வேண்டும். ஊசிவால் வாத்துக் கூட்டம் ஓரத்தில் கலைந்தும் நடுவில் நெருங்கியும் இருக்கும். ஓரத்தை வைத்து அளந்தால் கணக்கு குறைந்துவிடும். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தால் போதும், அத்தனையும் எழும்பிவிடும். பாதிக் கணக்கைத் தொடரக் கூடாது. கால் மணி நேரம் பொறுத்து, அமர்ந்த பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

வரித்தலை வாத்துக்குப் பேர்போனது திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம். 1994-இல் சரணாலயமாகி, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த ஊர்; பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர். நம் குளத்தில் அது இறங்குவது அபூர்வம். ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டில் 'வரித்தலை வாத்து – 1' என்று எழுதிவிட்டான். சார் பறவைப் புத்தகத்தை மூடினார். "தலையில பட்டை எத்தனைல? எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?"

பட்டை இரண்டு. ஒன்று கண்ணிலிருந்து பின்தலையைச் சுற்றி மறுகண் வரை. இன்னொன்று அதற்குக் கீழே, பிடரியில், சின்னது. கழுத்தின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடு இறங்கும். பையன் வாய் திறக்கவில்லை. சார் திட்டவில்லை, எழுதியதை அழிக்கவும் இல்லை. சிவப்பு மையில் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, நோட்டை அவன் கையிலேயே கொடுத்தார். அத்தனை பேர் முன்னால் அவன் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து புத்தகம் பைக்குள் போனது. பார்த்ததை எழுதி முடித்த பிறகே படம். முதலில் படத்தைப் பார்த்துவிட்டால், பார்க்காத பட்டையும் பார்த்ததாகவே மனசில் பதிந்துவிடும் என்பார். எத்தனையோ பயிற்சிக் கூடங்களில் உட்கார்ந்தாயிற்று. இவ்வளவு நேர்மையான பாடத்தை வேறெங்கும் கேட்டதில்லை.

2011 முதல் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒவ்வொரு மார்கழியிலும் சார் நம்மில் பலருக்கும் போன் போடுவார்: "எண்ணிக்கைக்கு வாரியால?" லீவு இல்லை சார் என்பதே எல்லோருடைய பதிலும். லீவு இருந்த வருடங்களிலும் அதையேதான் சொன்னோம்.

நான் இருக்கும் பின்லாந்தில் சதுப்பு நிலங்களில் பொரி உள்ளான் முட்டையிடும். ஆகஸ்டிலேயே பெரும்பாலும் தெற்கே கிளம்பிவிடும். இந்தத் தைக்கு ஊருக்குப் போகிறவர்கள் உள்வாயில் அதைப் பாருங்கள். முதுகில் பொரி சிதறினாற்போலப் புள்ளி, நீண்ட வெளிர் புருவம், பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும். கிட்டத்தட்ட அதைப்போலிருக்கும் இன்னொரு உள்ளானுக்கு அடிப்பக்கம் கறுப்பு. எத்தனை என்று எழுதி அனுப்புங்கள். அடிப்பக்கம் தெரியாவிட்டால் எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.