உயிர்க்கரி மூட்டையில் என்ன எழுதலாம்?

விளம்பர வாசகங்களைச் சரிபார்க்கும் மேசைக்கு அடிக்கடி வருகிற வரி இது: "ஒரு டன் உயிர்க்கரி 2.75 டன் கார்பன் டை ஆக்சைடை மண்ணில் பூட்டுகிறது." உயிர்க்கரி (biochar) என்பது மரம், உமி போன்றவற்றைக் காற்று குறைந்த உலையில் சுட்டு, மண்ணில் இடும் கரி. கரியில் 75 சதவீதம் கார்பன், அதை 3.67 ஆல் பெருக்கியிருக்கிறார்கள் (ஒரு கிலோ கார்பன் 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்). பெருக்கலில் பிழையில்லை, எடையில்தான் கோளாறு.

சுட்ட கரியைப் பெரும்பாலும் தண்ணீர் தெளித்தே அணைக்கிறார்கள். ஈரம் 30 சதவீதம் என்றால் ஒரு டன் மூட்டைகளில் உலர்ந்த கரி 700 கிலோ, கார்பன் 525 கிலோ. அத்தனையும் நூறாண்டு தங்காது. 450 முதல் 600 டிகிரி செல்சியஸில் சுட்ட கரிக்கு 80 சதவீதம், 350 முதல் 450 டிகிரிக்கு 65 சதவீதம் என்கிறது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2019 வழிமுறை. 80 என்றே வைத்தாலும் மிஞ்சுவது 420 கிலோ கார்பன், அதாவது 1,540 கிலோ கார்பன் டை ஆக்சைடுதான். உலர்த்தல், அரைத்தல், லாரி டீசல் எல்லாம் இதிலிருந்து கழியவேண்டும். உலை புகைந்தால் மீத்தேனும் சேரும். அதில் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில் சுமார் 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். புகை போகிற உலையை வைத்துக்கொண்டு பருவநிலை பேசாமலிருப்பதே நல்லது.

ஆய்வக அறிக்கை ஒவ்வொரு தொகுதிக்கும் தனியாக வேண்டும்: ஈரம், சாம்பல், கரிம கார்பன், ஹைட்ரஜன்–கரிம கார்பன் மோல் விகிதம். விகிதம் 0.7-ஐத் தாண்டினால் கரி சரியாக வேகவில்லை, 0.4-க்குக் கீழே இருந்தால் நிலைப்புத்தன்மை அதிகம். மரக்கரியின் அறிக்கையை உமிக்கரி மூட்டைக்கும் ஒட்டுவது சகஜமாக நடக்கிறது. உமிக்கரியில் சாம்பல் மிக அதிகம், கார்பன் அந்த அளவுக்குக் குறைவு.

"மகசூல் பெருகும்" என்று பொதுவாக எழுதவே கூடாது. அமில மண்ணில், சத்துக் குறைந்த மண்ணில் பலன் தெரியும். ஏற்கெனவே காரமான மண்ணில் இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைப்பது குறையலாம். தொழுவுரத்தோடு ஊறவைக்காத புதுக்கரி, முதல் பருவத்தில் தழைச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதும் உண்டு.

சிக்கல் அதிகம் வருவது உரிமையில். தயாரிப்பாளர் கார்பன் கிரெடிட்டை, அதாவது கார்பனைச் சேமித்ததாகச் சொல்லிக்கொள்ளும் உரிமையை, வேறொருவருக்கு விற்றுவிட்டால், அதே கரியில் விளைந்த காய்கறிக்கு "கார்பனை நீக்கிய விளைச்சல்" என்று பட்டம் சூட்ட முடியாது. கிரெடிட் விற்பனை ஒப்பந்தத்தைப் பார்க்காமல் ஒப்புதல் தரக்கூடாது. கரி வயலில் இடப்பட்டதற்கான பதிவும் வேண்டும். அடுப்பில் எரிந்தால் சேமிப்பு பூஜ்யம்.

"பசுமையானது", "சூழலுக்கு உகந்தது" போன்ற மொட்டை வார்த்தைகளை, சுற்றுச்சூழல் விளம்பர வாசகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14021 ஏற்பதில்லை. நாங்கள் ஒப்புக்கொள்ளும் வாசகம் இந்த மாதிரி இருக்கும்: "இத்தொகுதியில் உலர் எடையில் 75 சதவீதம் கரிம கார்பன், ஈரம் 30 சதவீதம், கார்பன் கிரெடிட் தனியாக விற்கப்பட்டுள்ளது." விற்பனைப் பிரிவுக்கு இது பிடிப்பதில்லை.